பச்சையம்மாவுக்கு வைத்த பரீட்சை

இது நடந்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பேய், ஆவி என்று யாராவது வாயைத் திறந்தாலே எரிந்து விழுகிற ஒரு மனிதரின் வீட்டில் நடந்தது. அர்த்தராத்திரியில் இல்லை. நாய் ஊளையிடவில்லை, விளக்கு அணையவில்லை. பட்டப்பகலில், கிழக்குத் தாம்பரத்தில், ஜனங்கள் பையைத் தூக்கிக்கொண்டு ரேஷன் கடைக்குப் போய்க்கொண்டிருந்த நேரத்தில் நடந்தது. நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். அந்த வீட்டுக்காரர் ஜெபசீலனும் நம்பவில்லை என்றுதான் சொல்கிறார். சொல்லிவிட்டு ஒரு தடவை பின்னால் திரும்பிப் பார்த்துக்கொள்கிறார், அவ்வளவுதான்.

அப்போது 1969. ஜெபசீலன் ஒரு கல்லூரியில் பௌதிக விரிவுரையாளர். மூக்குக்கு மேல் கோபம் வருகிற ஆள். பாலில் தண்ணீர் கலந்த பால்காரரை வாசலில் நிற்கவைத்து அடர்த்தியைப் பற்றி வகுப்பெடுத்தவர். ஆனால் மனைவி தபீதாளிடம் மட்டும் அந்தக் கோபம் செல்லாது. அவள் பெண்கள் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். அதிகம் பேசமாட்டாள். பேசினால் அதோடு முடிந்தது.

அந்த வருஷம் தபீதாளின் அடிவயிற்றில் ஒரு கட்டி இருப்பது தெரிந்தது. பட்டணத்தில் ஒரு லேடி டாக்டர் பார்த்துவிட்டு, எடுத்துவிட வேண்டும், தள்ளிப்போட்டால் உள்ளேயே முறுக்கிக்கொள்ளும், அப்புறம் உயிருக்கு நான் பொறுப்பில்லை என்று சொல்லிவிட்டார். தபீதாளும் சரி என்றாள். ஆஸ்பத்திரியில் படுக்கைக்குச் சொல்லியாகிவிட்டது. அந்தச் சமயம் பார்த்து, கூட வேலை பார்க்கும் டீச்சர் ஒருத்தி அவளை ராஜகீழ்ப்பாக்கத்துக்கு அழைத்துக்கொண்டு போனாள். பச்சையம்மாவைப் பார்க்க.

பச்சையம்மா அந்த ஊரில் பழைய குடும்பம். நிலத்தில் பாதியை மனை போட்டு விற்றுவிட்டு, அந்தப் பணத்தில் ரைஸ் மில் வைத்திருந்தார். கழுத்தில் காசுமாலை, வாயில் எப்போதும் வெற்றிலை. வேப்பிலை அடிப்பதில்லை, உடுக்கை இல்லை, யாரிடமும் ஒரு பைசா வாங்குவதில்லை. ஆளைப் பார்ப்பார். எந்த உறுப்பில் என்ன கோளாறு என்று சொல்லிவிடுவார். தப்பினதே இல்லை என்று தாம்பரம் முழுக்கப் பேச்சு.

"கட்டி இல்லையாம்," என்றாள் தபீதாள், வீட்டுக்கு வந்ததும்.

"பின்னே?"

"எங்க அக்காவாம்."

ஜெபசீலன் காபி டம்ளரைக் கீழே வைத்தார். "நீதானே மூத்தவ? உனக்கு ஏது அக்கா?"

"நானும் அதைத்தான் கேட்டேன். அம்மா வயித்துல கூடவே வந்தது, வெளியே வரலைன்னாங்க. அது பாட்டுக்கு உள்ளே இருக்கட்டும், கத்தி வைக்காதேன்னாங்க. நான் ஆபரேஷனுக்கு வரலை."

அவர் எழுந்து நின்றார். அந்த அம்மாளுக்கு எப்படித் தெரியுமாம் என்று கத்தினார். தபீதாள் கத்தாமல் சொன்னாள். ஒவ்வொருத்தர் பின்னாலும் செத்துப்போன ஒருத்தர் நிற்பாராம். நோவு எங்கே இருக்கிறதோ அங்கே கை வைத்துக் காட்டுவாராம். பச்சையம்மா பார்ப்பது அந்தக் கையைத்தானாம்.

ஒரு வாரம் வீட்டில் சண்டை. சர்ச் ஐயர் வந்து ஜெபம் பண்ணிவிட்டுப் போனார். டாக்டர் ஆள் அனுப்பினார். தபீதாள் அசையவில்லை. ஜெபசீலனுக்குக் கோபம் வந்த மாதிரி தெரியும், உள்ளே இருந்தது பயம்தான். இவள் போய்விட்டால் தனக்கு யார் இருக்கிறார்கள் என்கிற பயம். கடைசியில் தபீதாளே ஒரு வழி சொன்னாள்.

"நீங்க சயின்ஸ் படிச்சவர்தானே? அவங்களுக்கு ஒரு பரீட்சை வைங்க. தோத்துட்டாங்கன்னா நான் ஆஸ்பத்திரிக்கு வர்றேன். ஜெயிச்சுட்டாங்கன்னா ஆபரேஷன்னு நீங்க வாயே திறக்கக் கூடாது."

ஜெபசீலன் மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை. பரீட்சையைத் திட்டம் போட்டார். ரயில் பாதையை ஒட்டியிருந்த ஞாயிறு பள்ளி ஹால். ஐந்து நாற்காலி. ஐந்து பேர், தலையிலிருந்து கால்வரை வெள்ளைப் போர்வை. அதில் ஒருவர் மட்டும் சுவிசேஷமுத்து, ரிட்டயர்டு ரயில்வே கார்டு. அவருக்குப் பல வருஷம் முன்னால் காசநோய்க்காக ஒரு பக்கத்து நுரையீரலை எடுத்துவிட்டிருந்தார்கள். மற்ற நாலு பேருக்கும் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, ஒன்றும் இல்லை என்று உறுதி செய்தாயிற்று. யார் எந்த நாற்காலி என்பது கூட வேலை பார்க்கும் கெமிஸ்ட்ரி சுந்தரராமனுக்கு மட்டும் தெரியும். உட்காரவைத்துவிட்டு அவர் வெளியே போய்விட வேண்டும். ஜெபசீலன் ஹாலுக்குள் ஒரு துணித் தட்டிக்குப் பின்னால் இருப்பார். அவர் முகத்தைப் பார்த்துக்கூடப் பச்சையம்மா எதையும் தெரிந்துகொள்ளக் கூடாது. ஒரு நுரையீரல் இல்லாத ஆள் எத்தனையாவது நாற்காலி என்று அவர் சொல்ல வேண்டும். இடம் மாற்றி மூன்று சுற்று.

இதற்கு மேல் ஒரு குறும்பும் செய்தார். ஐந்து நாற்காலிகளையும் சுவரோடு சுவராக ஒட்டிப் போட்டார். பின்னால் யார் நிற்கிறார்கள், பார்த்துவிடலாம் என்று தனக்குள் சிரித்துக்கொண்டார்.

ஆனால் மனிதர்களை வைத்துக்கொண்டு பரிசோதனை செய்வது என்பது தவளையை வைத்துக்கொண்டு செய்வதைவிடக் கஷ்டம். சர்ச் முடிந்து வந்த ஐந்து பேரும் பசியில் இருந்தார்கள். காற்றில் போர்வை விலகாமல் இருக்க ஃபேனை நிறுத்தச் சொன்னார் ஜெபசீலன். உள்ளே வேகிறது என்று முனகல். அவர்களில் லாசரஸ் என்பவருக்குப் போர்வையின் பாச்சை உருண்டை வாசனை ஒத்துக்கொள்ளாமல் தும்மல். ஆரம்ப ஜெபம் பண்ணாமல் எப்படி என்று ஐயர் வேறு பத்து நிமிஷம் கண்ணை மூடிக்கொண்டார். "பேசாதீங்க, அசையாதீங்க" என்று ஜெபசீலன் சொல்லிச் சொல்லித் தொண்டை வறண்டுபோயிற்று. தபீதாள் வெளியே வேப்பமரத்தடியில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள்.

பச்சையம்மா சைக்கிள் ரிக்ஷாவில் வந்து இறங்கினார். உள்ளே போனார். கதவு சாத்தப்பட்டது.

தட்டிக்குப் பின்னால் ஜெபசீலன். கையில் பென்சில்.

முதலில் காசுமாலைச் சத்தம். அவர் வரிசையாக நடந்து போவது தெரிந்தது. அவர் எண்ண ஆரம்பித்ததும் கடற்கரைக்குப் போகும் மின்சார ரயில் தடதடவென்று ஹாலையே உலுக்கிக்கொண்டு போயிற்று. அது போன பிறகு காதில் விழுந்தது கடைசி மட்டும்தான். "...நாலு, அஞ்சு."

காசுமாலைச் சத்தம் நின்றது.

"இன்னா சார் இது," என்றார் பச்சையம்மா. "நாக்காலிய செவுத்தோட ஒட்டிப் போட்டுக்கீற. அவுங்க எங்க நிப்பாங்க?"

ஜெபசீலன் பென்சிலைக் கடித்துக்கொண்டார். பேசுவதில்லை என்பது விதி.

"எல்லாம் உன்னாண்ட வந்து நின்னுகினு கீது."

பிடரியில் சில்லென்றது. ஃபேன் ஓடவில்லை. ஜன்னல் மூடியிருந்தது. ஆனால் அவருக்குப் பின்னால் சுவரில் மாட்டியிருந்த ஞாயிறு பள்ளிப் படங்கள் படபடவென்று அடித்துக்கொண்டன... யாரோ நெருக்கியடித்துக்கொண்டு நிற்க இடம் தேடுகிற மாதிரி. திரும்பிப் பார்த்தார். படங்கள் ஆடிக்கொண்டிருந்தன. ஆள் யாரும் இல்லை.

விதியை அவரே மீறினார். "நம்பர் சொல்லுங்கம்மா."

"லாபத்துக்குத்தான் ஒரு பக்கம் இல்ல."

"லாபமெல்லாம் இதுல கிடையாது. நம்பர்?"

"அத்தத்தான் சொல்றன். லாபம்."

"நீங்கதான் காசு வாங்கமாட்டீங்களே. நான் கேட்டது நம்பர்."

"எத்தன வாட்டி சொல்றது? லாபம், லாபம்னு சொல்லிக்கினே கீறன். செவுடா நீ?" காசுமாலை சிலுசிலுத்தது. "பேஜாரா போச்சு. நான் வரன்."

கதவு திறந்தது. ரிக்ஷா மணி கேட்டது. முதல் சுற்றே முடியவில்லை. நாள் கணக்காகத் திட்டம் போட்ட பரிசோதனை இப்படியா நாறிப்போக வேண்டும் என்று ஜெபசீலனுக்கு ஆத்திரம். பென்சிலை ஒடித்துப் போட்டார். பிறகுதான் உறைத்தது. பதில் சொல்லவில்லை என்றால் தோல்விதானே.

வேப்பமரத்தடிக்குப் போனார். "தோத்துட்டாங்க. நம்பர் சொல்லவே தெரியலை. லாபம் நஷ்டம்னு என்னென்னவோ பேசிட்டுக் கோவிச்சுக்கிட்டுப் போயிட்டாங்க."

தபீதாள் அவரையே பார்த்தாள். "நிஜமாவா?"

"நிஜமா."

"சரி. நான் வர்றேன்." அவள் உதடு வெளுத்திருந்தது. அன்று சாயங்காலமே புடவைகளை மடித்துப் பையில் வைத்தாள்.

மறுநாள் கல்லூரியில் இந்தக் கதையைச் சொல்லி எல்லாரையும் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தார் ஜெபசீலன். ஆபீஸ் சூப்பரின்டென்டென்ட் தட்சிணாமூர்த்தி மட்டும் சிரிக்கவில்லை. அவருக்கும் சொந்த ஊர் ராஜகீழ்ப்பாக்கம்தான்.

"சார், எங்க பக்கம் களத்துல நெல்லு அளக்கும்போது ஒண்ணுன்னு சொல்லமாட்டாங்க. அபசகுனம். லாபம்னு ஆரம்பிப்பாங்க. லாபம், ரெண்டு, மூணு. அந்தம்மா ஆயுசு பூரா களத்துல நின்னு அளந்தவங்க. ஆளை எண்ணினாலும் அப்படித்தான் எண்ணுவாங்க."

ஜெபசீலன் எழுந்து நேராக லேபுக்குப் போனார். சுந்தரராமனைத் தனியாகக் கூப்பிட்டார். சுவிசேஷமுத்துவை எங்கே உட்காரவைத்தீர்கள் என்று கேட்டார்.

"முதல் நாற்காலி. ஏன்?"

"சும்மாத்தான்."

ஐந்தில் ஒன்று. குருட்டாம்போக்கில் யார் சொன்னாலும் ஐந்துக்கு ஒரு தடவை சரியாக வரும். மூன்று சுற்றும் நடக்காத பரிசோதனை பரிசோதனையே இல்லை. இப்படியெல்லாம் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அத்தனையும் நியாயமான வாதம்தான். ஆனால் நியாயமான வாதத்தை மனைவியிடம் சொல்லவில்லை. சொன்னால் அவள் பையைப் பிரித்துவிடுவாள். கட்டி முறுக்கிக்கொள்ளும். வாயை மூடிக்கொண்டு அவளை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார்.

ஆபரேஷன் நன்றாகவே நடந்தது. டாக்டர் வெளியே வந்து சிரித்தார். சயின்ஸ்காரர்தானே, பார்க்கிறீர்களா என்று ஒரு எனாமல் தட்டை நீட்டினார். ஆரஞ்சுப் பழம் அளவுக்கு ஒரு பை. அறுத்து வைத்திருந்தார்கள். உள்ளே ஒரு கொத்துக் கறுத்த முடி. நீளமான முடி. அதற்கு நடுவில் வெள்ளையாகப் பற்கள்.

"பயப்படாதீங்க. இந்த மாதிரிக் கட்டியில முடி, பல்லு எல்லாம் இருக்கும். நாங்க அடிக்கடி பார்க்கிறதுதான்."

அவர் பார்வையைத் திருப்பிக்கொண்டார். ஆனால் தபீதாள் பிழைத்துவிட்டாள். அந்தச் சந்தோஷத்தில் மற்ற எதையும் நினைக்கக்கூடாது என்று முடிவு பண்ணினார்.

அவள் வீட்டுக்கு வந்தாள். நன்றாகத்தான் இருந்தாள். ரொம்ப நன்றாக இருந்தாள். அதுதான் முதலில் உறுத்தியது. சாப்பாட்டைக் கொறிக்கிறவள், தட்டை வழித்துச் சாப்பிட்டாள். சர்க்கரை டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு சிட்டிகையாக நாக்கில் போட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். உச்சி வெயிலில் கொல்லைப்பக்கம் போய் நின்றாள். முகத்தை நிமிர்த்திக்கொண்டு. வெயிலையே பார்த்திராத மாதிரி.

கண்ணாடி முன்னால் நின்றாள். விரலால் தன் பற்களைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள்.

சாயங்கால ஜெபத்தில் அவர் "பரமண்டலங்களிலிருக்கிற எங்கள் பிதாவே" என்று ஆரம்பித்தார். பிறந்ததிலிருந்து சொல்லிவருகிற ஜெபம். அவளும் சொன்னாள். ஆனால்... ஒரு வார்த்தை பின்தங்கிச் சொன்னாள். அவர் நிறுத்தினார். அவளும் நின்றாள். அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மயக்க மருந்து என்றார் டாக்டர். போகப் போகச் சரியாகும் என்றார்.

பள்ளிக்கூடத்திலிருந்து பிள்ளைகளின் கணக்கு நோட்டுகள் வந்தன. அவள் பிரிக்கவே இல்லை. கேட்டதற்குச் சிரித்தாள்.

சிரித்தபோதுதான் அந்தச் சத்தம்.

மெல்லிய விசும்பல். அவளுக்குப் பின்னாலிருந்து...

பக்கத்து வீட்டு ரேடியோ என்று நினைத்தார். பக்கத்து வீட்டில் அன்று பூட்டு தொங்கியது.

ஜெபசீலனுக்குக் கோபம் வந்தது. இத்தனையும் அந்தப் பச்சையம்மா கிளப்பிவிட்ட பிரமை. இதற்கு ஒரு முடிவு கட்டவேண்டும். மனைவியை அழைத்துக்கொண்டு ராஜகீழ்ப்பாக்கத்துக்குப் பஸ் ஏறினார். இதோ பார், கத்தி வைத்தோம், உயிரோடு இருக்கிறாள் என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டு வரவேண்டும்.

பகல் பதினொரு மணி. ரைஸ் மில் ஓடிக்கொண்டிருந்தது. பச்சையம்மா வாசலில் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். ஏறிட்டுப் பார்த்தார். வெற்றிலை மெல்லுவதை நிறுத்தினார்.

அவர் பார்த்தது மனைவியை இல்லை. மனைவியின் தோளுக்குப் பின்னால்.

"இன்னா டீச்சரம்மா," என்றார் மெதுவாக. "நீ ஏன் பின்னால நிக்கிற?"

ஜெபசீலன் மனைவியைக் கைகாட்டினார். "முன்னாலதான் நிக்கிறா. நல்லாப் பாருங்க."

"முன்னால கீறவங்கள நான் இப்பத்தான் பாக்கறன், சார்."

அவள் எதையும் கவனிக்கவில்லை. மிஷினிலிருந்து சூடாக விழுந்த அரிசியை ஒரு பிடி அள்ளி வாயில் போட்டு மென்றுகொண்டிருந்தாள். சிரித்துக்கொண்டே.

கேட்கக் கூடாது என்று நினைத்தார். கேட்டுவிட்டார்.

"அவ... கை எங்கே வச்சுக் காட்டுறா?"

பச்சையம்மா வெற்றிலையைத் துப்பினார்.

"வெக்கல சார். உன்னத்தான் காட்டறாங்க."

இதற்கு மேல் சொல்ல அதிகம் இல்லை. ஜெபசீலன் அவளோடுதான் வாழ்ந்தார். வேறு என்ன செய்வது? யாரிடம் போய் என்ன சொல்வது? எந்த டாக்டரிடம், எந்த ஐயரிடம்? பார்க்கிறவர்களுக்கு அவள் தபீதாள். முன்பைவிடக் கலகலப்பான தபீதாள்.

இரண்டு மாதம் கழித்துத் தெருவில் அம்மை குத்துகிறவர்கள் வந்தார்கள். வீடு வீடாக. கையில் பழைய தழும்பு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, வேண்டுமானால் மறுபடி குத்துவார்கள். அவள் தானாகவே ஜாக்கெட் கையை மேலே ஏற்றிக்கொண்டு நீட்டினாள்.

வந்தவர் இடது கையைப் பார்த்தார். வலது கையைப் பார்த்தார். மறுபடி இடது கை.

"சின்ன வயசுல அம்மை குத்தவே இல்லையாம்மா? தழும்பே காணோமே."

"இல்லை," என்றாள் அவள்.

தபீதாளுக்குத் தழும்பு உண்டு. இடது கையில், மேலும் கீழுமாக இரண்டு. எட்டணா அகலம். குழந்தையில் சீழ் வைத்துப்போனதாம். கல்யாணமான புதிதில் அதைத் தொட்டுக் கேட்டவர் ஜெபசீலன்தான்.

அந்தக் கை வழவழவென்று இருந்தது. பிறந்த குழந்தையின் கை மாதிரி.

ஊசி இறங்கியது. அவள் முகம் சுளிக்கவில்லை. துளிர்த்த ரத்தத்தை ஆசையாகப் பார்த்தாள்.

"ஸ்ஸ்..." என்று யாரோ வலியில் பல்லைக் கடித்து மூச்சை இழுத்தார்கள்.

ஜெபசீலனின் காதுக்குப் பின்னால்.